கீழ் வீட்டுக் குழாய்

எங்கள் வீட்டில் வெளியாள் வந்து கரண்ட் வேலை பார்த்ததாகச் சரித்திரமே கிடையாது. என் அண்ணன் சுடலைமுத்து குந்தா மின்நிலையத்தில் வேலை பார்த்தார். குந்தாவில் ஒருவர் இருந்தால், அந்தக் குடும்பத்தில் அத்தனை பேர் வீட்டு வயரிங்கும் அவர் பொறுப்பு என்பது இந்த மலையில் எழுதாத சட்டம். கரண்டையே உற்பத்தி செய்கிறவருக்கு ஒரு ஸ்விட்ச் மாட்டத் தெரியாதா என்ன? உண்மையில் அண்ணன் முப்பத்திரண்டு வருஷமும் அங்கே பார்த்தது தண்ணீர் வேலை. அணையிலிருந்து இறங்கி வருகிற ராட்சதக் குழாயின் வால்வைத் திறப்பார், மூடுவார், நோட்டில் நேரம் எழுதுவார். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் அதை யோசித்ததில்லை. அவரும் ஞாபகப்படுத்தியதில்லை.

ஜெகதளாவில் நாங்கள் வீடு கட்டியபோதும் அண்ணன்தான் வந்து இரண்டு நாள் தங்கி வயர் இழுத்தார். கோழிக் குழம்பு வைத்துக் கொடுத்தேன். இருபது வருஷம் ஒரு பல்பு கூடத் தகராறு செய்யவில்லை.

தகராறு போன மார்கழியில்தான் வந்தது. திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடித்துப் பிரசவத்துக்கு இங்கே கூட்டி வருவதாக ஏற்பாடு. மார்கழி, தை இரண்டு மாதமும் எங்கள் பக்கம் விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். பிள்ளைத்தாய்ச்சிக்கு இந்தக் குளிர் ஆகாது என்று ஒரு ரூம் ஹீட்டர் வாங்கினேன். குளியலறையில் கீசர் ஓடிக்கொண்டிருந்தபோது இதையும் போட்டுப் பார்த்தேன். பட்டென்று ஒரு சத்தம், கருகின வாடை, வீடு முழுக்க இருட்டு.

அண்ணன் இப்போது மேட்டுப்பாளையத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். மூட்டு ஆபரேஷன் ஆகி மலை ஏற முடியாது. என்ன செய்வது என்று புலம்பிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் நல்லசாமி வாயைத் திறந்தார். டீ ஃபேக்டரியில் இலை எடை போடுகிறவர். வருஷத்துக்கு இரண்டு தடவைதான் கருத்துச் சொல்வார்.

"ஈ.பி. ஆபீஸ்ல லோடு கூட்டிக் கேட்டாக்கூட லைசென்ஸ் இருக்கற வயர்மேன் கையெழுத்து வேணும்ங்கறாங்க. முறையாப் படிச்ச ஆளையே கூப்பிட்டுறலாம் இசக்கி."

குன்னூர் பஜாரில் எலக்ட்ரிக் கடையில் விசாரித்தேன். கடைக்காரர் ஜலீல் என்று ஒருவரின் நம்பரைக் கொடுத்துவிட்டு, "வேலை சுத்தமா இருக்குமுங்க. ஆனா அவரு சொல்றபடிதான் நீங்க கேக்கோணும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் தையல் கடை வைத்திருக்கிறவள். என் கடையில் நான் சொல்வதைத்தான் எல்லாரும் கேட்பார்கள். சம்பளம் கொடுத்துக் கூப்பிடுகிற ஆள் சொல்வதை நான் கேட்பதா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜலீல் வந்தார். ஐம்பது வயது இருக்கும். குரங்குக் குல்லாய், தடித்த ரப்பர் ஷூ, தோளில் ஒரு கான்வாஸ் பை. கேட்காமலேயே பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த லைசென்ஸைக் காட்டினார். டீ கொண்டுவந்து நீட்டினேன்.

"வேலை முடியட்டுங்கம்மா. அப்பறம் குடிக்கறேன்."

என் வீட்டு டீயை வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். டம்ளரைத் திரும்ப உள்ளே கொண்டு போகும்போதே அவர் மேல் பாதி எரிச்சல் வந்துவிட்டது.

மீதி எரிச்சல் அடுத்த நிமிஷம் வந்தது. கருகிப்போன ஃபியூஸ் பெட்டிக்கு நேராக அவரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எர்த் எங்கீங்க?"

"எர்த்தா? அதெல்லாம் எங்கண்ணன் போட்டது. குந்தால முப்பத்திரண்டு வருசம் சர்வீஸ்."

"சரிங்க. எர்த் வயர் எங்க போய் முடியுதுன்னு பாக்கோணும். அது தெரியாம நான் எதையும் தொடறதில்லீங்க."

பச்சை வயர் ஒன்று பெட்டியிலிருந்து கிளம்பிச் சுவரோடு ஓடி, ஜன்னலுக்கு மேலே ஒரு ஓட்டை வழியாக வெளியே போனது. அவர் அதன் பின்னாலேயே போனார். நான் அவர் பின்னால் போனேன். வீட்டுக்குப் பின்புறம் பாறையும் மண்சுவரும் ஒட்டி இருக்கிற குறுகலான இடம். அங்கே பழைய இரும்புத் தண்ணீர்க் குழாய் கற்களுக்கு மேலே படுத்திருக்கிறது. பச்சை வயரின் நுனியை நாலைந்து சுற்றுச் சுற்றி, அந்தக் குழாயோடு சேர்த்து முறுக்கியிருந்தது. அண்ணனின் கைவண்ணம்.

ஜலீல் குந்தி உட்கார்ந்தார். குழாயின் மேல்பக்கம் பார்த்தார். இரும்பு இரண்டடிக்கு மேல் போகவில்லை. அங்கே அறுத்து, மேலேயிருந்து ஊற்றுத் தொட்டித் தண்ணீரைக் கொண்டுவருகிற கருப்பு பிளாஸ்டிக் ஹோஸை கிளிப் போட்டு இணைத்திருந்தது. அந்த இடத்திலிருந்து என் வீட்டுக்குள் போவது வெள்ளை பிளாஸ்டிக் குழாய். அப்புறம் கீழ்ப்பக்கம் பார்த்தார். இரும்புக் குழாய் சரிவில் இறங்கி, பதினாலு படி கீழே இருக்கிற வீட்டு வாசல் குழாயில் போய் முடிந்தது.

"கீழ யாரு ஊடுங்க?"

"ஜானகின்னு ஒருத்தி. எஸ்டேட்டுல இலை பறிக்கறவ."

"அவங்க எப்பவாச்சும் குழாயில ஷாக் அடிக்குதுன்னு சொன்னாங்களா?"

எனக்கு வாய் அடைத்துப்போனது. என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்ப மாட்டார்கள்.

ஜானகி சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன்னால், இந்தப் படிகளில் ஏறி வந்து என்னிடம்தான் முதலில் சொன்னாள். "ஏனுங்கக்கா, காலையில குழாயைத் தொட்டா சுரீருங்குது. மத்தியானம் ஒண்ணுமில்ல. காலையில மட்டும்."

அப்போது நாங்கள் அக்கா தங்கை மாதிரி. புருஷனை இழந்து ஒண்டியாக இருந்தவள். நான் கடைக்குப் போனால் என் மகளுக்குச் சோறு போட்டது அவள் அடுப்புதான். அவ்வளவு நெருக்கமானவள் வந்து சொன்னபோது நான் என்ன செய்திருக்க வேண்டும்? சிரித்தேன். "காலையில மட்டும் அடிக்கற ஷாக்கா? ஏன், அது எஸ்டேட்டுல ஷிஃப்ட் போட்டு வேலை பாக்குதா?" என்றேன். அவள் விடாமல் நாலு தடவை சொன்னதால் அண்ணனை வரவழைத்தேன். மூட்டுவலி அப்போதுதான் ஆரம்பித்திருந்தது, ஆனாலும் வந்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, டெஸ்டரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி ஜானகி குழாயில் வைத்தார். டெஸ்டர் எரியவில்லை.

"குழாயில தண்ணிதான் வரும் புள்ள, கரண்டு வராது" என்று சொல்லிவிட்டு மேலே வந்தார். குந்தாக்காரர் சொன்ன பிறகு அப்பீல் ஏது?

ஆனால் ஜானகி அடங்கவில்லை. கை மரத்துப்போகிறது என்றாள். ஒருநாள் குடத்தைப் போட்டு உடைத்தாள். நரம்புக் கோளாறாக இருக்கும், ஆஸ்பத்திரியில் காட்டு என்று கடைக்கு வந்த பொம்பளைகள் முன்னால் சொன்னேன். அத்தோடு விட்டிருக்கலாம். என் நாக்கு விடாது. "கரண்டு ஜானகி" என்று ஒரு பெயரும் வைத்தேன். என் தையல் கடையில் வைக்கிற பெயர் மூன்று நாளில் ஊரைச் சுற்றிவிடும். எஸ்டேட்டில் சூப்பர்வைசர்கூட அவளை அப்படிக் கூப்பிட்டதாகக் கேள்விப்பட்டேன். அன்றைக்கு இரவு அதைச் சொல்லிச் சொல்லி நான் சிரித்ததை நல்லசாமி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஜானகி படியேறி வரவில்லை. குழாயில் ஒரு பழைய சேலைத் துணியைச் சுற்றிக் கட்டினாள். கொஞ்ச நாளில் அதையும் தொடுவதை விட்டுவிட்டு, ரோட்டோரப் பொதுக்குழாய்க்கு அறுபது படி இறங்கிப் போய்த் தண்ணீர் தூக்க ஆரம்பித்தாள். என் சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்தால் அது தெரியும். எனக்குக் காட்டுவதற்காகவே வீம்புக்குத் தூக்குகிறாள் என்று நினைத்தேன்.

"ஏனுங்கம்மா, கேட்டதுக்குப் பதில் சொல்லலியே?" என்றார் ஜலீல்.

"சொன்னா" என்றேன். "நாங்கதான் நம்பல."

அவர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டு எனக்கும் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"கீசரைப் போட்டுட்டு இந்தப் பைப்புல டெஸ்டர் வெச்சுப் பாக்கோணும். அதுக்கு முன்னால கீழ யாரும் குழாயைத் தொடாம இருக்கோணும். போய்ச் சொல்லிட்டு வந்துருங்க."

போய்ச் சொல்வதா? மதில் ஓரம் போய் நின்றேன். ஜானகி வாசலில் விறகைப் பிரித்து வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு மேல் அவள் பெயரை அவளுக்குக் கேட்கிற மாதிரி நான் சொன்னதில்லை.

"ஜானகி! கொஞ்ச நேரம் குழாயைத் தொடாத!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் தொட்டு ரெண்டு வருசமாச்சு" என்றாள். மறுபடி விறகைப் பிரிக்கக் குனிந்தாள்.

ஜலீல் புது ஃபியூஸ் போட்டு, நல்லசாமியைக் கீசர் ஸ்விட்சைப் போடச் சொன்னார். இரும்புக் குழாயில் டெஸ்டரின் நுனியை வைத்தார். அதற்குள்ளிருந்த சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது. "ஆஃப் பண்ணுங்க" என்று உடனே சத்தம் போட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார், எரிந்தது. அணைக்கச் சொன்னார், அணைந்தது.

"கீசருக்குள்ள காயில் வெடிச்சிருக்குதுங்க. அதுல கசியற கரண்டு எர்த் வயர்ல வந்து இந்தப் பைப்புல இறங்குது. பைப்பு மண்ணைத் தொடாம கல்லு மேல கிடக்கறதால போறதுக்கு வேற வழியில்ல. கீழ ஈரத்துல நின்னுட்டு யாரு தொடறாங்களோ அவங்க மேலதான் போகும். கீசர் எப்பப் போடுவீங்க?"

"காலையில ஆறுல இருந்து ஆறரை வரைக்கும்."

"அவங்க எப்பத் தண்ணி புடிப்பாங்க?"

ஏழு மணிக்கு ஜானகி இலை பறிக்கிற இடத்தில் நிற்க வேண்டும். ஆறு மணிக்குத் தண்ணீர் பிடிப்பாள். இது எனக்குத் தெரியாத விஷயமா? காலையில் மட்டும், காலையில் மட்டும் என்று அவள் சொன்னாளே. அதை வைத்து ஜோக் அடித்தேனே தவிர, காலையில் என் வீட்டில் என்ன ஓடுகிறது என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. அண்ணன் டெஸ்டர் வைத்தது மத்தியானம். அப்போது கீசர் ஓடவில்லை.

எனக்கு அண்ணன் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. போனை எடுத்து அவர் நம்பரை அழுத்தினேன். "எங்கண்ணன் பண்ணி வெச்ச வேலையைப் பாருங்க. குந்தாவாம் குந்தா! தண்ணிப் பைப்புல கொண்டுவந்து கட்டியிருக்காரு" என்று ஜலீலிடம் கத்தினேன். போன் மணி அந்தப் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது.

"அவரு கட்டினப்பத் தப்பில்லீங்கம்மா" என்றார் ஜலீல். "தனிக் குழி தோண்டறதுதான் முறை. ஆனா அந்தக் காலத்துல மலையில பாதி ஊட்டுல இப்படித்தான் கட்டுவாங்க. மேல தொட்டி வரைக்கும் முழுசா இரும்பு. ஈர மண்ணுக்குள்ள நூறடி ஓடுனது. கரண்டு கசிஞ்சாலும் மண்ணுக்குள்ள போயிரும். இடையில இதை அறுத்து ஹோஸ் போட்டாங்க பாருங்க, அதுலதான் எர்த் அத்துப்போச்சு. எப்பப் போட்டது இது?"

"என்ன இசக்கி?" என்று அண்ணன் குரல் போனில் கேட்டது.

ஹோஸ் போட்டது நான். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆடியில். துருப்பிடித்துத் தண்ணீர் சிவப்பாக வருகிறது என்று பிளம்பரைக் கூப்பிட்டு, மேல் குழாயை அறுத்தெறியச் சொன்னேன். கீழ் வீட்டுக்கும் சேர்த்து மாற்றிவிடலாமா என்று பிளம்பர் கேட்டதற்கு, இது போதும் என்றேன். அந்த மாதக் கடைசியில்தான் ஷாக் அடிக்கிறது என்று சொல்ல ஜானகி முதல் தடவையாகப் படியேறி வந்தாள்.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டத்தான் கூப்பிட்டேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"நான் மத்தியானத்துல போய்ப் பாத்தேனே புள்ள" என்றார். "கீசரைப் போட்டுட்டுப் பாத்திருக்கோணும். எனக்குத் தோணல. ஜானகிகிட்டப் போனைக் குடு. நான் பேசறேன்."

"வேண்டாங்ணா. நானே பேசிக்கறேன்."

வீராப்பாகச் சொல்லிவிட்டேன். பேசவில்லை. வேலை நடக்கட்டும், முடிந்ததும் பேசலாம் என்று தள்ளிப்போட்டேன்.

வேலை சாயங்காலம் வரை நடந்தது. ஜலீல் கீசரைத் திறந்து வெடித்துப்போன காயிலை எடுத்துக் காட்டினார், வேறு போட்டார். குழாயில் சுற்றியிருந்த பச்சை வயரை அறுத்து எடுத்தார். என் டேலியாச் செடிகள் இருந்த இடத்தில்தான் நல்ல மண் இருக்கிறது என்று அதையெல்லாம் பிடுங்கச் சொன்னார். நல்லசாமி கடப்பாரை பிடித்தார். எர்த்துக்கென்று ஆழமாகக் குழி தோண்டி, கம்பி இறக்கி, உப்பும் கரியும் மாற்றி மாற்றிக் கொட்டி, தண்ணீர் விட்டு மூடினார்கள். கரண்ட் எங்கே கசிந்தாலும் தானாக விழுந்துவிடுகிற ஸ்விட்ச் ஒன்றைப் பெட்டியில் மாட்டினார். கடைசியில் ஈ.பி. ஆபீஸ் பாரத்தை எடுத்து மேஜையில் விரித்து, ஒவ்வொரு வரியாக நிரப்பினார். கையெழுத்துப் போடுகிற இடம் வந்ததும் பேனாவை மூடினார்.

"கீழ் ஊட்டுக் குழாயையும் பாத்துட்டு வந்து போடறேனுங்க."

"நீங்க மட்டும் போய்ப் பாத்துட்டு வாங்க."

"என்ன சொல்லிப் பாக்கறதுங்க?"

காலையில் அண்ணனிடம் பேசிய வீராப்பு எங்கே போனதோ தெரியவில்லை. "லைன்ல ஏதோ கோளாறு இருந்துச்சு, சரி பண்ணியாச்சுன்னு சொல்லிருங்களேன். குழாய்தான் சரியாயிருச்சே. இனி எதுக்குப் பழசைக் கிளறிக்கிட்டு? புள்ள பிரசவத்துக்கு வர்ற நேரம்" என்றேன். அதைச் சொன்ன என்னை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கே பிடிக்கவில்லை.

ஜலீல் பாரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அப்படின்னா நீங்க வேற ஆளைப் பாத்துக்கங்கம்மா."

நல்லசாமி கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த வருஷத்தின் இரண்டாவது கருத்தைச் சொன்னார். "நம்ம புள்ள வந்து எறங்கினதும் மொதல்ல கேக்கறது ஜானகி சித்தி எங்கேன்னுதான். என்ன பதில் வெச்சிருக்கே?"

பதினாலு படி. தினமும் ஜன்னலில் இருந்து பார்க்கிற படிதான். இறங்கினேன். ஜலீல் பின்னால் வந்தார்.

ஜானகி வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கீசர், காயில், வயர், ஹோஸ். யார் ஹோஸ் போட்டது என்பதையும் சொன்னேன். சுற்றி வளைக்காமல்தான் சொன்னேன். "தப்பு எம்மேலதான் ஜானகி. நீ சொன்னது அத்தனையும் நெசம்" என்று முடித்தேன்.

அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தாள். அதில் ஆஸ்பத்திரிச் சீட்டுகளும் காலியான மாத்திரை அட்டைகளும் அடுக்கியிருந்தன.

"எட்டு மாசம் நரம்புக்கு மாத்திரை தின்னேன்" என்றாள். "அதுகூடப் பரவால்லீங்க. நடுவுல கொஞ்ச நாள் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. குழாயில ஒண்ணுமில்லியோ, எனக்குத்தான் புத்தி பெசகிப்போச்சோன்னு."



ஜலீல் மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். நல்லசாமி கீசரைப் போட்டார். ஜலீல் சேலைத் துணியை ஒதுக்கி, குழாயில் டெஸ்டரை வைத்தார். எரியவில்லை. ஜானகிக்குத் தெரிகிற மாதிரி திருப்பிக் காட்டினார்.

"டெஸ்டர் அன்னைக்கும்தான் எரியல" என்றாள் ஜானகி.

ஜலீல் டெஸ்டரைக் கீழே இறக்கினார். "அவங்க சொல்றது சரிதானுங்க" என்றார்.

ஜானகி என் பக்கம் திரும்பினாள். "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வாங்கக்கா. ஊட்டுல கீசரைப் போட்டுட்டு வாங்க. செருப்பைக் கழட்டிட்டு, இந்த ஈரத்துல நின்னுட்டு, நீங்க குழாயைப் புடிங்க. அப்பறம் நான் புடிக்கறேன்."

சரி என்றேன். ஜலீல் அந்த வாசல் கல்லிலேயே பாரத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டார். ஜானகி கடுங்காப்பி போட்டுக் கொடுத்தாள். என் வீட்டு டீயைத் தொடாத மனுஷன் அதை உட்கார்ந்து ரசித்துக் குடித்தார். வேலை முடிந்துவிட்டதாம்.

மறுநாள் காலையில் எழுந்தபோது வெளியே உறைபனி. டேலியா இருந்த இடத்தில் புது மண்கூட வெள்ளைப் பூத்திருந்தது. ஆறு மணிக்குப் படியிறங்கினேன். பொதுக்குழாய்க்குப் போகிற பொம்பளைகள் ஐந்தாறு பேர் குடத்தோடு ஜானகி வாசலில் நின்றார்கள். ஜானகி சொல்லியிருப்பாளா, ஜலீல் வந்து போனதைப் பார்த்து அவர்களாகவே மோப்பம் பிடித்தார்களா, தெரியாது. எல்லாரும் என் கடையில் ஜாக்கெட் தைக்கிறவர்கள். நான் வைத்த பெயரைக் கேட்டுச் சிரித்தவர்கள்.

ஜானகி குழாயில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். நான் செருப்பைக் கழற்றினேன். அடியில் சிமெண்டுத் தரை ஈரமாக இருந்தது. கால் சுரீர் என்று இழுத்தது.

"போட்டாச்சு!" என்று மேலேயிருந்து நல்லசாமி கத்தினார்.

கையை நீட்டினேன். ஒரு சாண் தூரத்தில் கை நின்றுவிட்டது. உப்பும் கரியும் கொட்டியதை நானே நின்று பார்த்தேன். பச்சை வயர் அறுபட்டு என் வீட்டுக் குப்பையில் கிடக்கிறது. லைசென்ஸ் உள்ளவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எல்லாம் தெரிந்தும் கை போகவில்லை. இதே இடத்தில், இதே நேரத்தில், ஏன் அடிக்கிறது என்று தெரியாமல், வேலைக்கு நேரமாகிறதே என்று தினமும் இவள் கையை நீட்டியிருக்கிறாள். அடிக்கும் என்று தெரிந்தே நீட்டியிருக்கிறாள்.

கண்ணை மூடிக்கொண்டு பிடித்தேன்.

இரும்பு அவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இரவெல்லாம் பனியில் கிடந்த குழாய். உள்ளங்கை பற்றி எரிந்த மாதிரி இருந்தது. என்னை அறியாமல் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "ஐயோ" என்று கத்திவிட்டேன்.

"அடிச்சிருச்சு! அடிச்சிருச்சு!" என்று ஒருத்தி பின்னால் நகர்ந்தாள்.

"இல்ல, இல்ல. குளிரு" என்றேன்.

"கை நடுங்குது பாரு" என்றாள் இன்னொருத்தி.

"நெசமாலுமே குளிருதான்டி. ஷாக்கெல்லாம் இல்ல."

நம்பவில்லை. ஒருத்தி முகத்திலும் நம்பிக்கை இல்லை. மறுபடி இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துக் காட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருக்கிறேன் என்றுதான் அவர்களுக்குத் தோன்றியிருக்கும். "இனிமே கரண்டு இசக்கிதான்" என்று யாரோ முணுமுணுக்க, இரண்டு பேர் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். என் உடம்பில் நடந்ததை நான் சொல்கிறேன். எனக்குத் தெரியாததா இவர்களுக்குத் தெரிந்துவிடும்? கண்ணில் தண்ணீர் முட்டியது. நான் ஜானகியைப் பார்த்தேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா குளிருன்னு சொன்னா குளிருதான்" என்றாள். "நான் நம்பறேன்."

குடத்தைக் குழாயடியில் வைத்தாள். என் கையை மெல்ல விலக்கிவிட்டு, தன் வலது கையால் குழாயைத் திறந்தாள்.